மிடி: சின்தசைசரும் கணினியும் இணைந்த வரலாறு

மிடி என்பது சின்தசைசர், டிரம் மெஷின், கணினி போன்றவை தமக்குள் பேசிக்கொள்வதற்காக 1983இல் வகுக்கப்பட்ட பொது மொழி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான சொல் இது. தமிழில் மிடி என்றால் வறுமை. அந்தப் பொருத்தத்தைப் பற்றிக் கோடம்பாக்கத்து வயலின் கலைஞர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மிடி கேபிளில் ஒலி போவதில்லை. புதிதாக வாங்குபவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. இளையராஜா தாளில் எழுதிக் கொடுக்கும் ஸ்வரக் குறிப்புகளை நினைத்துக்கொண்டால் விளங்கும். தாளில் ஓசை இல்லை. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற கட்டளைதான் இருக்கிறது. ஓசை வாசிப்பவரின் கருவியிலிருந்து வருகிறது. மிடியும் அப்படியொரு தாள்தான். ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் புறப்படும்: இது அழுத்தம், இந்தச் சேனல் என்று முதல் எண், எந்தக் கட்டை என்று இரண்டாவது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்று மூன்றாவது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. பியானோவின் நடு சி 60. ஒரே கேபிளில் 16 சேனல்கள் ஓடுவதால், வயலினுக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். வேகம் வினாடிக்கு 31,250 பிட். இன்றைய கணக்கில் ஆமை நடைதான், ஆனாலும் ஒரு ஸ்வரம் போய்ச் சேர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வினாடி போதும்.

இதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் தனித்தனி இணைப்பு முறை இருந்தது. எல்லாருக்கும் ஒரே முறை வேண்டும் என்று அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனர் டேவ் ஸ்மித் 1981இல் முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்டு நிறுவனர் இக்குட்டாரோ காக்கஹாஷி அதே நோக்கத்தோடு இருந்தார். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ஜூப்பிட்டர்-6 என்ற இரண்டு போட்டி நிறுவனக் கருவிகளைக் கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். யாரும் உரிமைத்தொகை கேட்கவில்லை. மிடி பரவியதற்கு அதன் தொழில்நுட்பத்தைவிட இந்தத் தாராளம்தான் பெரிய காரணம். 2013இல் ஸ்மித், காக்கஹாஷி இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

சென்னைக்கு மிடி வந்த காலத்தில் திரைப்பாடல் என்பது கூடம் நிறைந்த வாத்தியக்காரர்களின் கூட்டுழைப்பு. ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். 1986இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். கணினியும் ஒலி உண்டாக்கும் சில்லும் மிடி இணைப்பும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய கருவி அது. இந்தியத் திரையிசையில், கட்டளைகளைச் சேமித்து வரிசையாக வாசிக்கவைக்கும் கணினி சீக்வென்சரின் தொடக்கமாக இந்தப் படத்தைத்தான் சொல்வது வழக்கம். அந்த ஆண்டுகளில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் திலீப் ஒருவர். பிற்காலத்து ஏ.ஆர். ரகுமான்.

ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992 ஆகஸ்டில் வெளியான ‘ரோஜா’ அங்கே உருவானது. பலர் இதை ஒலித் துல்லியத்தின் வெற்றியாகப் பேசுவார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் வேலை முறையில் நேர்ந்தது. வாசித்தது ஒலியாக அல்லாமல் கட்டளையாகச் சேமிக்கப்பட்டதால், நேற்று வயலினாக ஒலித்ததை இன்று குழலாக மாற்றலாம், தாளக்கதியைக் கூட்டலாம், சுருதியை ஏற்றலாம், யாரையும் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. இசையமைப்பாளருக்கு இது விடுதலை. அழைப்பை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அப்படியில்லை. ஒரு பாட்டுக்குப் பத்து வயலின் தேவைப்பட்ட இடத்தில் பின்னாளில் ஒருவரும் தேவைப்படாமல் போனது உண்டு.

இணைப்பு முறை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. பழைய கருவியில் ஐந்து ஊசி கொண்ட வட்ட சாக்கெட்டுகள் இருக்கும். சின்தசைசரின் ‘அவுட்’, கணினியோடு இணைக்கும் இடைமுகப் பெட்டியின் ‘இன்’னுக்குப் போக வேண்டும், அதன் ‘அவுட்’ சின்தசைசரின் ‘இன்’னுக்குத் திரும்ப வேண்டும். பெயரைப் பார்த்து ‘இன்’னை ‘இன்’னில் செருகினால் ஒன்றும் நடக்காது. பெறும் முனையில் செய்தி மின்சாரமாக அல்லாமல் ஒளியாகத் தாண்டிச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு கருவியின் மின் இரைச்சல் மற்றதில் ஏறாது. 1999இல் யூஎஸ்பி வழி மிடிக்கு விதிமுறை வந்தபின் ஒரே கேபிள் இரண்டு திசைக்கும் போதுமானது.

பாடியிலோ ஆவடியிலோ மாடியறையில் கீபோர்டையும் மடிக்கணினியையும் வைத்து உட்காருபவர் முதலில் சந்திக்கும் தொல்லை இரட்டை ஒலி. கட்டையை அழுத்தியதும் கருவி தானே ஒருமுறை ஒலிக்கிறது. மென்பொருள் அதே கட்டளையைத் திருப்பி அனுப்ப, மறுமுறையும் ஒலிக்கிறது. கருவியில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்பதை அணைத்தால் தீரும். அடுத்து, மென்பொருளில் ஸ்வரங்கள் பதிவாகியும் பாட்டுக் கோப்பில் சத்தமே இல்லை என்ற புகார். சின்தசைசரின் ஒலியைத் தனி ஆடியோ கேபிளில் எடுத்துப் பதிவு செய்யாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

நம் இசைக்கு மிடி முழுதாக இணங்கியதில்லை. கட்டைக்கு ஒரு எண் என்பது கமகத்துக்கு எதிரான ஏற்பாடு. தோடியின் காந்தாரத்தை எந்த ஒற்றை எண்ணிலும் நிறுத்த முடியாது. சுருதி வளைக்கும் சக்கரம் 16,384 படிகளில் நகரும், நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்தே வளைக்கும். ஒரு ஸ்வரம் அசைய, மற்றொன்று அசையாமல் நிற்க வழியில்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்பிஇ முறை 2018இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே, 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில், கட்டைகளே இல்லாத காண்டினுவம் என்ற கருவியில் விரலை இழுத்து ரகுமான் கமகம் வாசித்திருந்தார்.

2020 ஜனவரியில் மிடி 2.0 வந்தது. அழுத்த வேகத்துக்கு 128 படிகள் இருந்த இடத்தில் இப்போது 65,536. பழைய மிடி கருவிகளும் ஒதுக்கப்படவில்லை. அந்தக் காலத்து ப்ராஃபெட்-600ஐ இன்றைய கணினியோடு இணைக்கலாம். இளையராஜா பயன்படுத்திய கணினியைத் தந்த யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை இன்று சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் இயங்குகிறது. அங்கே கீபோர்டுகள் தயாராகின்றன.