தலை சுத்துது, வாந்தி வருது... வெயிலா, பூச்சிமருந்தா? காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான் புழு வந்துவிட்டால் விளைச்சலே போய்விடும். அதனால் ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிப் பகுதிகளில் அடிக்கடி மருந்தடிப்பது வழக்கம். அடிப்பவருக்கு மட்டுமல்ல, அதன் பிறகு காய் பறிக்க வரும் பெண்களுக்கும் ஆபத்து உண்டு. மயக்கம் வந்தால், "வெயில்தான் காரணம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

உடம்புக்குள் எப்படிப் போகிறது?

மூச்சு வழியாக மட்டும் அல்ல. தோல் வழியாகவும் போகும். நனைந்த சட்டை, ஒழுகும் ஸ்பிரேயர், கழுவாத கையில் சாப்பாடு, பீடி, வெற்றிலை எல்லாமே வழிதான். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், நரம்புகளின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதியை முடக்கிவிடும்.

வித்தியாசம் என்ன?

வியர்வை, தலைவலி, வாந்தி இரண்டிலும் வரலாம். வெயில் சோர்வு என்றால் தாகம் எடுக்கும், வாய் வறண்டு போகும். மருந்து பாதிப்பு என்றால் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வடியும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், பார்வை மங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். மருந்தடித்த தோட்டத்தில் இருந்தவர் என்றால், எது என்று யோசித்துக் காத்திருக்க வேண்டாம்.

உடனே என்ன செய்யணும்?

* தோட்டத்தை விட்டு வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாங்க.
* நனைந்த துணியைக் கழற்றி, சோப்பு போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்க. உதவி செய்பவரும் கையுறை போடணும்.
* வாந்தி எடுக்க வைக்காதீங்க.
* 108-க்கு அழையுங்க. மருந்து டப்பாவையோ லேபிளையோ மருத்துவரிடம் காட்டுங்க. என்ன விஷம் என்று தெரிந்தால் சிகிச்சை தாமதமாகாது.

முக்கோணத்தைப் பாருங்க

டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான், வீரியம்தான் குறைவு. மோனோகுரோட்டோபாஸை காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.

யார் பொறுப்பு?

மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடை தரணும் என்கிறது 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். கூலிக்குப் போகிறவர், "இன்னைக்கு என்ன மருந்து, எப்போ அடிச்சீங்க?" என்று கேட்ட பிறகே தோட்டத்தில் இறங்குவது நல்லது. நாம் அதை 'மருந்து' என்று சொன்னாலும், அது விஷம்.