‘அன்டூ’ என்னும் ஆங்கில வினை: பிறப்பும் பொருளும்

முன்னுரை

செய்த செயலை மாற்றி, முன்னைய நிலையை மீட்டலைக் குறிக்கும் ஆங்கில வினை ‘அன்டூ’. இதிலுள்ள ‘அன்’ எதிர்மறை முன்னொட்டு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்வாறாயின் இச்சொல் செய்யாமையைக் குறித்தல் வேண்டும். ஆனால் இது குறிப்பதோ செய்து முடிந்ததன் மீட்சியை. இம்முரணுக்கான விடை முன்னொட்டின் வரலாற்றில் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இருவேறு முன்னொட்டுகள்

ஆங்கிலத்தில் ‘அன்’ என ஒலிக்கும் முன்னொட்டுகள் இரண்டு. பெயரடைகளில் பெரிதும் பயிலும் எதிர்மறை ‘அன்’, இலத்தீன் ‘இன்’, வடமொழி ‘அ’, ‘அந்’ ஆகியவற்றோடு ஒரே வேரினது. ‘அநீதி’, ‘அநாதி’ முதலிய சொற்களின் வழி அவ்வடமொழி முன்னொட்டுத் தமிழிலும் அறிமுகமானதே. வினைகளோடு சேரும் மற்றொன்று, ‘எதிரே’ எனப் பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து தோன்றியது; கிரேக்க ‘அன்டி’ இதன் உறவுச்சொல். ஜெர்மன் மொழி இவ்விரண்டையும் முறையே ‘உன்’, ‘என்ட்’ எனவும், டச்சு ‘ஒன்’, ‘ஒன்ட்’ எனவும் இன்றளவும் வேறுபடுத்துகின்றன. ஆங்கிலத்திலோ அவை ஒலியில் ஒன்றாயின.

பொருள் வளர்ச்சி

பழைய ஆங்கில ‘உன்டோன்’ கதவைத் திறத்தல், கட்டவிழ்த்தல், செய்ததை இல்லாததாக்கல், அழித்தல் ஆகிய பொருள்களில் வழங்கியது. இரு முன்னொட்டுகளும் கலந்தமைக்கு ‘அன்டன்’ என்னும் வடிவம் சான்றாகும். ‘செய்யப்படாத’ எனப் பொருள்படுங்கால் அதில் நிற்பது எதிர்மறை முன்னொட்டு. ‘அவிழ்ந்த’, ‘கெட்டழிந்த’ எனப் பொருள்படுங்கால் மீட்சி முன்னொட்டு. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில், உறக்கத்தில் நடக்கும் மேக்பெத் சீமாட்டி, நடந்ததை மீட்கவியலாமையை இவ்வினையைக் கொண்டே கூறுகிறாள். அந்த இயலாமை கணினித் திரையில் இயல்வதாயிற்று. 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியில், இறுதியாகச் செய்ததை மீட்கும் கட்டளைக்கு இதுவே பெயர்.

முடிவுரை

‘அன்டூ’ ஒரு செயல் முன்னரே நிகழ்ந்திருத்தலை வேண்டி நிற்கும் வினை. கணினித் தமிழில் இதற்கு வழங்கும் ‘செயல்தவிர்’ என்னும் ஆக்கத்தை இவ்வடிப்படையில் மறுஆய்வு செய்யலாம். ‘தவிர்’ என்பதற்கு நீக்குதல் என்னும் பொருளும் உண்டெனினும், இன்றைய வழக்கில் அது செய்யாது விலகுதலையே முதன்மையாக உணர்த்துகிறது. எனவே, ஆங்கிலத்தில் ஒலியால் நேர்ந்த மயக்கம் தமிழில் பொருளால் நேர்கிறது. ‘செயல்மீட்பு’ போன்றதோர் ஆக்கம் இம்மயக்கத்தைக் களையும். கலைச்சொல்லாக்கத்தில் சொல்லின் இன்றைய வடிவத்தோடு அதன் வரலாற்றையும் நோக்குதல் இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.