தகர டிக்கட்டின் விலை

கண்டிக்கு 1867ஆம் ஆண்டிலேயே புகைவண்டி வந்துவிட்டது. அதன் பின்னரும் பல ஆண்டுகள், தமிழகத்தினின்று தோட்ட வேலைக்கு வந்தோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து, மாத்தளை வழியே கால்நடையாகவே வந்தனர். கைக்குழந்தையோடு நடந்தவள் பட்ட பாட்டை நான் சொல்லவேண்டுவதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கட்' தோன்றியது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த சிறு தகடு அது. அதனை அணிந்தவர் காசு கொடாமலே பயணஞ் செய்தார். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறக்கப்பட்டன. இடைக்கடலை மட்டும் கப்பலில் கடந்து, மதவாச்சி, பொல்காவலை வழியாகக் கண்டி சேரலாயிற்று.

இலவசமென்று எண்ணினோர் ஏமாந்தனர். தோட்டம் செலுத்திய கட்டணம் தொழிலாளியின் பேரிலே கடனாக ஏறிற்று. மனைவி மக்களோடு வந்தவனுக்கு அச்சுமை எத்துணைப் பெரிதாயிருந்திருக்கும்! கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்னும் 'துண்டு'ச் சீட்டின்றி அவன் வேறு தோட்டம் புகுதல் அரிது. 1921இல் சட்டம் துண்டைத் தடுத்தது. 1923இன் சட்டப்படி, தோட்டங்களிடம் திரட்டிய பொது நிதி வழிச்செலவை ஏற்றது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் கண்டியிலிருந்து தலைமன்னார் சென்று, இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். 1984இல் அக்கப்பலும் நின்றது.