சுவருக்குள்ளே தண்ணி

பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். தறி, நூல், பஞ்சுத் தூசு, பக்கத்துலயே சமையல் அடுப்பு. இந்த மாதிரி இடத்துல அடுப்புக்கும் நூலுக்கும் நடுவுல என்ன இருக்குங்கறதுதான் உயிர்ப் பிரச்சினை. அந்த 'நடுவுல இருக்கற' சுவருக்கு ஒரு வரலாறு இருக்குங்க.

1666-ல லண்டன் எரிஞ்சுது. மறுவருஷமே, இனி செங்கல்லு இல்லாட்டி கல்லுலதான் வெளிச்சுவர்னு அங்க சட்டம் வந்துச்சு. அதே 1667-ல பிரான்ஸ் மன்னர் பதினாலாம் லூயி, பாரிஸ் மரவீடுகளுக்கு உள்ளயும் வெளியயும் ஜிப்சம் சாந்து பூசச் சொல்லி உத்தரவு போட்டார். மோன்மார்த்ர் குன்றுல வெட்டின ஜிப்சத்தாலதான் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்'ங்கற பேரே வந்துச்சு.

ஏன் ஜிப்சம்? அதோட எடையில சுமார் 21 சதவீதம் தண்ணி! தொட்டா ஈரம் தெரியாது, படிகத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கும். தீ பட்டா ஆவியாகிப் போகும். அது தீர்ற வரைக்கும் சுவரோட மறுபக்கம் பெருசா சூடாகாது. 1894-ல அமெரிக்கர் அகஸ்டின் சாக்கெட் இந்தச் சாந்தைக் காகிதங்களுக்கு நடுவுல வெச்சுப் பலகையாக்கி காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு நம்ம ஊர் ஆபீஸ், ஆஸ்பத்திரி பார்ட்டிஷன் எல்லாம் அதோட வாரிசுதான்.

ஆனா பலகை மட்டும் காப்பாத்தாது, மாட்டற விதம்தான் காப்பாத்தும். ஃபால்ஸ் சீலிங்கோட நின்னுடற தடுப்பு, தீத்தடுப்பே இல்ல. மேல கான்க்ரீட் தளம் வரைக்கும் ஏறணும். ரெண்டு பக்கத்து பலகை இணைப்பும் நேருக்கு நேர் வரக்கூடாது. ஒயர், பைப் போற ஓட்டையைத் தீ தாங்கற பூச்சால அடைக்கணும். நம்ம ஊர்ல மூணாவதைத்தான் சுலபமா மறந்துடறாங்க. பிளாஸ்டர் பூசி பெயிண்ட் அடிச்சாச்சுன்னா, உள்ள ஓட்டை இருக்கறது யாருக்குத் தெரியும்?

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளியில சமையல்கூடத்துல பிடிச்ச தீ, கீத்துக் கூரை வழியா வகுப்பறைக்குப் போச்சு. 94 குழந்தைங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல கீத்துக் கூரைகளை அகற்றச் சொன்னாங்க. லண்டனும் பாரிசும் 1667-ல எழுதி வெச்ச பாடத்தை, 337 வருஷம் கழிச்சு நாம என்ன விலை கொடுத்துப் படிச்சோம் பாருங்க.

கீத்து போச்சு, பலகை வந்துச்சு. தீக்கு எது புதுசு, எது பழசுன்னு தெரியாது. அதுக்கு வேண்டியது ஒரு சந்து. உங்க ஆபீஸ் சீலிங் மேல சுவர் தளம் வரைக்கும் போகுதான்னு, கட்டிடத்தைப் பராமரிக்கறவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.