ஹிஜ்ரி 1420: அறிஞர்களை இழந்த ஆண்டு

கல்வி மக்களின் உள்ளங்களிலிருந்து ஒரேயடியாகப் பறிக்கப்படாது. அறிஞர்கள் கைப்பற்றப்படுவதன் மூலமே அது மறையும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் ஹிஜ்ரி 1420ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வருகிறது.

அவ்வாண்டு 1999 ஏப்ரலில் தொடங்கியது. மே 13 அன்று, சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி ஷெய்க் இப்னு பாஸ் (ரஹ்) தாயிஃபில் வஃபாத்தானார்கள். இளமையிலேயே பார்வையை இழந்தும் கல்வியை விடாதவர்கள் அவர்கள். ஜூன் மாதத்தில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எளிய மொழியில் மார்க்கம் பேசிய டமாஸ்கஸின் ஷெய்க் அலீ அத்தன்தாவி (ரஹ்) ஜித்தாவில் மறைந்தார்கள். ஜூலையில், அலெப்போவில் பிறந்த ஃபிக்ஹு மேதை முஸ்தஃபா அஸ்ஸர்கா (ரஹ்) ரியாத்தில் மறைந்தார்கள். கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்துக்கொண்டே ஹதீஸ் கலையில் ஆழ்ந்த ஷெய்க் நாஸிருத்தீன் அல்பானி (ரஹ்) அக்டோபர் 2 அன்று அம்மானில் மறைந்தார்கள்.

டிசம்பர் 31, ரமளான் மாதத்தின் வெள்ளிக்கிழமை. நம் நாட்டின் மவ்லானா அபுல் ஹஸன் அலீ நத்வி (ரஹ்) அன்று இறையழைப்பை ஏற்றார்கள். முஸ்லிம்களின் வீழ்ச்சியால் உலகம் எதை இழந்தது என்று அரபியில் நூல் எழுதி, 1950இல் கெய்ரோவில் வெளியிட்டு, அரபு அறிஞர்களையே சிந்திக்க வைத்தவர்கள் அவர்கள். இறுதியாக 2000 பிப்ரவரியில், 'ஃபிக்ஹுஸ் ஸுன்னா' தந்த எகிப்தின் ஸய்யித் ஸாபிக் (ரஹ்) மறைந்தார்கள். ஆறு பேரும் மன்னர் ஃபைஸல் விருது பெற்றவர்கள்.

இவர்கள் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். 1978இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் வணிகக் காப்பீடு கூடாது என்று முடிவு செய்தது. இப்னு பாஸ் அவர்கள் உறுப்பினராயிருந்த அம்மன்றத்தில் ஸர்கா அவர்கள் மட்டும் மாறுபட்டார்கள். ருகூவிலிருந்து எழுந்தபின் கைகளைக் கட்டுவதா, விடுவதா என்பதில் இப்னு பாஸ் அவர்களும் அல்பானி அவர்களும் எதிரெதிரே நின்றார்கள். ஆயினும் அல்பானி அவர்களின் ஹதீஸ் புலமையை இப்னு பாஸ் அவர்கள் மனமுவந்து போற்றினார்கள். ஃபிக்ஹுஸ் ஸுன்னாவில் உள்ள பிழைகளைச் சுட்டித் தனி நூலே எழுதிய அல்பானி அவர்கள், அதன் முன்னுரையில் அந்நூலின் சிறப்பையும் மறைக்காமல் எழுதினார்கள்.

இன்று நாம் ஓர் அறிஞரின் பெயரைக் கேட்டதும் முதலில் வினவுவது என்ன? அவர் எந்த அணியைச் சேர்ந்தவர் என்பதே. அவருடைய நூலில் ஒரு பக்கம்கூடப் புரட்டாத நாவு, ஒரு நிமிடக் காணொளியைக் கண்டு அவரை இகழ்கிறது. அறிஞர்கள் மறைந்தபின் அறியாதவர்கள் தலைவர்களாகித் தீர்ப்பளிப்பார்கள் என்ற அதே ஹதீஸின் பிற்பகுதியை இந்த இடத்தில் நாம் அஞ்ச வேண்டும்.

அவர்களின் மரணம் அல்லாஹ்வின் விதி. நூல்கள் நம் கைகளில் உள்ளன. ஆதாரத்தோடு மறுத்து, கண்ணியத்தோடு மதித்த அந்தப் பண்பு மறைந்தால், அதற்குப் பொறுப்பாளிகள் நாமே. மாணவர்களுக்கு மஸ்அலாவைக் கற்பிக்கும் நாம், மாற்றுக் கருத்துடைய இமாமுக்காக 'ரஹிமஹுல்லாஹ்' என்று உள்ளன்போடு கூறவும் கற்பிக்க வேண்டும்.

அல்லாஹ் அவ்வறுவரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கல்வியை நமக்குப் பயனளிக்கச் செய்வானாக! ஆமீன்.