எண்ணெய்க் கிணறு கூறும் சாட்சி

பூமிக்கடியில் பல்லாயிரம் அடி ஆழத்தில், பாறையின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் எண்ணெயை எவரும் நேரில் சென்று கண்டதில்லை. அது எளிதில் வெளிவருமா, எவ்வளவு காலம் வரும், கிணறு பழுதின்றி அடைபட்டிருக்கிறதா என்னும் வினாக்களுக்கு விடை கூறும் முதன்மையான சாட்சி அழுத்தமே. ஆனால் சாட்சியை விசாரியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. அழுத்தமானிகளின் சாட்சியை விசாரிக்க மனிதர் எவ்வாறு கற்றனர், கற்றதை மறந்தபோது என்ன நேர்ந்தது என்பதே நாம் இங்குக் கூறப் புகும் வரலாறு.

கிணற்றைச் சோதிக்கும் முறையின் அடிப்படை எளியதே. சில காலம் எண்ணெயை ஓடவிட்டுப் பின்னர்க் கிணற்றை மூடுவார்கள். ஓடும்போது தாழ்ந்த அழுத்தம், மூடியபின் மெல்ல மெல்ல உயரும். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொள்பவர்கள், நீர் மீண்டும் சுரக்கும் விரைவைக் கொண்டே ஊற்றின் வளத்தை அறிகிறார்கள் அல்லவா? இதுவும் அத்தகையதே.

நிலத்தடி நீருக்கு இக்கணக்கை 1935-ஆம் ஆண்டில் வகுத்துக் கொடுத்தவர், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சார்லஸ் தைஸ் என்பவர். எண்ணெய்க் கிணற்றுக்குரிய முறையை 1951-இல் ஹேக் நகரில் கூடிய உலக பெட்ரோலிய மாநாட்டில் ஹார்னர் விளக்கினார். உயர்ந்துவரும் அழுத்தத்தைக் காலத்தின் மடக்கைக் கணக்கோடு பொருத்தி வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு, பாறை எண்ணெய்க்கு எவ்வளவு வழிவிடுகிறது என்பதைக் காட்டும். அக்கோட்டை நீட்டினால் பாறையின் தொடக்க அழுத்தத்தை மதிப்பிடலாம்.

கணக்கு செம்மையானது, கணக்கிற்குள் புகும் எண் செம்மையானதா? 1849-இல் பிரெஞ்சுக்காரரான பூர்தோன், அழுத்தம் ஏறினால் சுருள் விரியும் குழாய்மானியை அமைத்தார். அக்குழாயையும் ஒரு கடிகாரத்தையும் எஃகுக் கூட்டில் அடைத்துக் கிணற்றில் இறக்கும் வழக்கம் 1930-களில் பரவியது. அமெரடா மானி என்று பெயர் பெற்ற அக்கருவியில், ஓர் ஊசி உலோகத் தகட்டில் மயிரிழை போன்ற கோட்டைக் கீறும். கடிகாரம் நின்றுபோகலாம், ஊசி சிக்கிக்கொள்ளலாம், ஆழத்தின் வெப்பம் குழாயின் இயல்பையே மாற்றலாம். ஆகவே தேர்ந்த பணியாளர்கள் ஒன்றுக்கு இரண்டாக மானிகளை இறக்கினர். இறக்குமுன்பும் எடுத்தபின்பும் தெரிந்த எடைகளால் அவற்றைச் சோதித்தனர். வழியில் தெரிந்த ஆழங்களில் நிறுத்தி, அங்குள்ள திரவத்தின் எடைக்கு மானி ஒத்துவருகிறதா என்று பார்த்தனர். இரண்டு மானிகள் முரண்பட்டால், முரண்பாட்டின் காரணம் தெரியும்வரை எதனையும் ஏற்பதில்லை என்பதே அவர்கள் வகுத்த நெறி.

1970-களில் குவார்ட்ஸ் படிகத்தாலான மானிகள் வந்தன. சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்திலும் ஒரு பவுண்டில் நூறில் ஒரு பங்கு மாற்றத்தை அவை உணர்ந்தன. 1983-இல் பூர்தே முதலியோர், அழுத்தம் மாறும் வேகத்தையே வரைந்து ஆராயும் முறையைத் தந்தனர். அம்முறை பாறையின் இயல்போடு மானியின் குறையையும் பெரிதாக்கிக் காட்டியது. கருவி கூர்மையடைந்ததால் விசாரணையின் தேவை குறையவில்லை, மிகுந்தது.

இனி மெக்சிகோ வளைகுடாவுக்குச் செல்வோம். அங்கு ஏறத்தாழ 5,000 அடி ஆழமுள்ள கடலில் மக்கோண்டோ என்னும் கிணறு தோண்டப்பட்டிருந்தது. அதன் அடியிலிட்ட சிமெண்டு நன்கு அடைத்திருக்கிறதா என்று 2010 ஏப்ரல் 20-ஆம் நாள் சோதித்தார்கள். உள்ளழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பதே சோதனை. அடைப்பு உறுதியானால் அழுத்தம் மீண்டும் ஏறக்கூடாது. துளைக்குழாயில் 1,400 பவுண்டு அழுத்தம் ஏறி நின்றது. அதே கிணற்றோடு இணைந்த மற்றொரு குழாயிலோ அழுத்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை. அம்முரண்பாடே எச்சரிக்கை. ஆனால் அங்கிருந்தோர், மேலுள்ள கனத்த சேறு அழுத்துவதால் நேர்ந்தது அது என்று ஒரு விளக்கம் கண்டு, சோதனை வெற்றி என்று முடிவு செய்தார்கள். அன்றிரவே கிணறு வெடித்துப் பீறிட்டது. 11 தொழிலாளர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்த ஆணையம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. ஜூலை 15-ஆம் நாள் புதிய மூடியால் கிணற்றை அடைத்தார்கள். அழுத்தம் 7,500 பவுண்டுக்கு மேல் ஏறினால் கிணறு உறுதியானது, 6,000-க்குக் கீழ் நின்றால் எங்கோ கசிகிறது என்று முன்னரே வகுத்திருந்தனர். ஏறியதோ ஏறத்தாழ 6,600! கடலடித் தரைக்குள் கசிவிருந்தால், மூடி வைப்பது பெருங்கேடு. கசிவின்றி, இத்தனை நாள் ஓடியதால் பாறையே தளர்ந்திருந்தால், திறப்பது வீண் கேடு.

அவ்விரவில், தைஸ் பணியாற்றிய அதே துறையின் நீரியலாளரான பால் ஷே, நிலத்தடி நீருக்கென அமைந்த கணினிக் கணக்கைக் கொண்டு, பாறை தளர்ந்தமையாலேயே இந்த அழுத்தம் அமையக்கூடும் என்று காட்டினார். கிணறு மூடியே இருந்தது. எனினும், அவ்விளக்கத்தையும் ஒருவரும் கண்மூடி ஏற்கவில்லை. அழுத்தம் கணக்கின்படி உயர்கிறதா என்று தொடர்ந்து ஒப்பிட்டார்கள். ஒலியலைகளாலும் கடலடிக் கருவிகளாலும் கசிவைத் தேடினார்கள். அழுத்தம் கணக்கை ஒட்டியே உயர்ந்தது. தேடிய கசிவு காணப்படவில்லை. செப்டம்பர் 19-ஆம் நாள் அக்கிணறு முற்றிலும் அடைபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஒரே கிணறு இருமுறை சாட்சி கூறிற்று. முதன்முறை, எண்ணுக்கு ஏற்ற விளக்கம் தேடிச் சாட்சியை வாயடைத்தனர். மறுமுறை, விளக்கத்தையே கூண்டில் ஏற்றி வினவினர். அஸ்ஸாமிலும் குஜராத்திலும் மும்பைக் கடலிலும் எண்ணெய் எடுக்கும் நமக்கு இது அயலார் கதையன்று. இரண்டு மானிகள் முரண்படும் வேளையில், வேலையை நிறுத்திக் காரணம் கேட்கும் பொறுமையே பணியாளரின் உயிரைக் காக்கும்.