தோற்றவரைத் தோளில் சுமந்தவர்கள்

வென்ற வீரனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவது உலக வழக்கம். வென்றவர்களே தோற்றவரைத் தூக்கிச் சென்ற காட்சி ஒன்று அயர்லாந்தின் விளையாட்டு வரலாற்றில் உண்டு. தூக்கப்பட்டவர் கிறிஸ்டி ரிங், ஆண்டு 1956.

அவர் ஆடிய ஹர்லிங் அந்நாட்டின் தொன்மையான ஆட்டம். அணிக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய, முனை அகன்ற மட்டை. தோல் போர்த்திய சிறு பந்து. கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்திற்கு மேலாகப் பந்தை அடித்தால் ஒரு புள்ளி; சட்டத்திற்குக் கீழே செலுத்தினால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள். 1884-இல் தர்ல்ஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இவ்வாட்டத்தை நெறிப்படுத்தியது. அச்சங்கத்தின் புரவலராக விளங்கியவர் காஷெல் பேராயர் குரோக். இறுதிப் போட்டி நடைபெறும் டப்ளின் மைதானம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பெரும்பாலும் பங்குதோறும் ஒரு குழு என்பதே சங்கத்தின் அமைப்பு. ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை.

ரிங் 1920-இல் கார்க் மாவட்டத்துக் குளோயின் சிற்றூரில் பிறந்தார். பிழைப்புக்கு எண்ணெய் லாரி ஓட்டினார். கார்க் அணிக்காக 1941 முதல் 1944 வரை தொடர்ந்து நான்கு முறை அனைத்து அயர்லாந்துப் பதக்கம் பெற்றார். பின்னர் 1946, 1952, 1953, 1954 ஆகிய ஆண்டுகளிலும் பெற்றார். அவற்றுள் மூன்று முறை அவரே அணித்தலைவர். எட்டுப் பதக்கங்களைக் களத்தில் ஆடி வென்ற முதல் மனிதர் அவரே.

எட்டாவது பதக்கம் எளிதில் வரவில்லை. 1954 இறுதியாட்டத்தில் எதிரணி வெக்ஸ்போர்டு. பந்துக்காக ஓடிய வேகத்தில் ரிங்கும் நிக் ஓ'டானலும் மோதினர். ஓ'டானலின் காறையெலும்பு முறிந்தது. அவர் களத்தை விட்டு வெளியேற, கார்க் மூன்று புள்ளிகளில் வென்றது.

இரண்டாண்டுகள் கழித்து அதே இரு அணிகள் மீண்டும் சந்தித்தன. கார்க் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியிருந்தமையால், இறுதியாட்டம் 1956 செப்டம்பர் 23-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். ரிங்குக்கு வயது 35. ஒன்பதாவது பதக்கம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கடைசி நிமிடங்களில் வெக்ஸ்போர்டு இரண்டே புள்ளிகள் முன்னிலை. ஒரு கோல் விழுந்தால் வெற்றி கார்க் பக்கம். ரிங் பந்தை வாங்கினார். முன்னேறி ஓங்கி அடித்தார். கோல்காவலர் ஆர்ட் ஃபோலி அதைத் தடுத்துவிட்டார். சற்று நேரத்தில் வெக்ஸ்போர்டு ஒரு கோல் அடிக்க, ஆட்டம் முடிந்தது.

தம் கனவைப் பறித்த ஃபோலியின் கையைப் பற்றிக் குலுக்கினார் ரிங். பின்னர் வெக்ஸ்போர்டு வீரர் இருவர் ரிங்கை நெருங்கித் தங்கள் தோள்மீது ஏற்றிக்கொண்டனர். ஒருவர், அன்று முழுவதும் அவரைத் தடுத்து நின்ற பாபி ரேக்கார்ட். மற்றவர் யார்? அதே நிக் ஓ'டானல்!

இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திப்போம். முறிந்த எலும்பு கூடிவிடும். முறிந்த மனம் அவ்வளவு விரைவில் கூடுவதில்லை. ஓ'டானலுக்குப் பழைய வலியை எண்ணி மகிழ அன்று நல்ல வாய்ப்பு. வெற்றி அவர் கையில் இருந்தது. மோதியவர் தோற்று நின்றார். ஆனால் அவர் எதிராளியைப் பகைவராக எண்ணவில்லை. தம் வெற்றிக்கு மதிப்பைத் தந்ததே ரிங்கின் ஆற்றல்தான் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது பதக்கம் ரிங்குக்குக் கிட்டவே இல்லை. 1979 மார்ச்சில் அவர் இறந்தபோது, குளோயின் கல்லறையருகே புகழுரை ஆற்றியவர், அவரோடு ஆடி வென்ற பழைய தோழரும் அன்றைய பிரதமருமான ஜேக் லிஞ்ச். ரிங்கின் பதக்க எண்ணிக்கையைப் பின்வந்தோர் கடந்தனர். 2014-இல் ஹென்றி ஷெஃப்லின் பத்தாவது பதக்கம் பெற்றார். எண்கள் முறியடிக்கப்படுவதற்கே உள்ளவை. ஆயினும் தோற்ற நாளில் எதிரணியினர் தந்த அந்தச் சிம்மாசனம் ரிங்குடையதாகவே இருக்கிறது. அதை அவருக்கு அளித்தவர்களின் பெருமையும் அவருடைய பெருமைக்குக் குறைந்ததன்று.